ஹலோ பிடித்தம்

மூங்கிலணையில் கைப்பேசி வைத்திருக்கிற யாரும் பேச்சை ஹலோவில் தொடங்க முடியாது. அந்த ஹலோ அரசாங்கத்துக்குச் சொந்தம். போனை எடுத்துக் காதில் வைத்ததும் நாக்கு நுனியிலிருந்து அதை எடுத்துக்கொள்வார்கள். வலிக்காது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற மாதிரி ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான்.

அவசரத் தொலைபேசிச் சேவைக்கான பிடித்தம் என்று அதற்குப் பெயர். ஊரில் யாருக்காவது ஆபத்து வந்தால் ஏழு ஏழு ஏழு என்று அடிக்கலாம். அந்த எண்ணை நடத்தக் காசு வேண்டாமாம், ஹலோ வேண்டுமாம். ஒவ்வோர் அழைப்பிலும் முதல் ஹலோ. பதினோரு வருஷமாக இப்படித்தான்.

கம்பி போன் வைத்திருப்பவர்களுக்குப் பிடித்தம் கிடையாது. கம்பியில் போகிற ஹலோ அவரவருடையது. கம்பியில்லாத ஹலோ காற்றில் போகிறது. காற்று அரசாங்கத்துடையது. நோட்டீசில் அப்படித்தான் போட்டிருந்தது. யாரும் மறுத்துக் கேட்கவில்லை. கேட்பதற்கு அழைக்க வேண்டும். அழைத்தால் ஒரு ஹலோ போய்விடும்.

ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். ஹலோவை மிச்சம் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மிஸ்டு கால். ஒரு மணி அடித்து நின்றால், நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு மணி அடித்து நின்றால், நீ என்னைக் கூப்பிடு என்று அர்த்தம். தென்காசிக்குப் போன புருஷன், பாவூர்ச்சத்திரத்துக்குப் போன மகள், எல்லாரும் ஒரு மணியில் வந்து சேர்ந்தார்கள்.

உலகம்மாள் பீடி சுற்றுகிறவள். மடியில் சுளவு என்கிற முறம். சுளவில் இலையும் தூளும். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். திருப்பூரில் இருக்கிற மகளோடும் கடையநல்லூரில் இருக்கிற தங்கச்சியோடும் பேசிக்கொண்டே இருப்பாள். கையும் ஓடும், வாயும் ஓடும். நாளொன்றுக்கு ஆயிரம் பீடி, முப்பது அழைப்பு. தெருவிலேயே அதிக ஹலோ கொடுத்தவள் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் ஓடி வந்து நிற்பார்கள் என்று நினைத்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லாரும் அப்படித்தானே நினைத்திருக்கிறோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுக்காரர் சுடலைமணி அடுக்களைத் தரைக்குள் இறங்கத் தொடங்கினார்.

அவர் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். முப்பது வருஷமாகத் தூக்குகிறார். காப்பிக்காக நின்றுகொண்டிருந்தார். சிமெண்டுத் தரை அவரைக் கணுக்கால் வரைக்கும் வாங்கிக்கொண்டது. விரிசல் இல்லை. சத்தம் இல்லை.

"ஏட்டி, கால் உள்ள போவுது."

"எங்க?"

"கீழ."

"வெளிய எடுங்க."

"ஒண்ண எடுத்தா மத்தது போவுது."

உலகம்மாள் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். எண்ணெயைத் தரை குடித்துவிட்டு இன்னும் நாலு விரற்கடை இழுத்தது.

"வலிக்குதா?"

"இல்ல. குளுகுளுன்னு இருக்கு. போன் சட்டைப் பையில கெடக்கு, நனைஞ்சிராதுல்லா?"

"மனுசன் போறேன்னு நிக்கான், போனப் பத்திப் பேச்சு!" என்று திட்டிக்கொண்டே அவள் தன் போனை எடுத்தாள். ஏழு ஏழு ஏழு அடித்தாள். ஒரு மணி அடித்தது. அவள் கட்டைவிரல் அழைப்பைத் துண்டித்துவிட்டது.

அவள் துண்டிக்கவில்லை. விரல் துண்டித்தது. பதினோரு வருஷத்துப் பழக்கம். ஒரு மணிக்குமேல் விடக்கூடாது என்று விரலுக்கு மனப்பாடம்.

உடனே செய்தி வந்தது. "நீங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. அவசர அழைப்பு நிலையம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடியும் அடித்தாள். இந்தத் தடவை கட்டைவிரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். மணி ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ," என்றது ஓர் ஆண் குரல். தூங்கி எழுந்த குரல்.

"ஐயா, எங்க வீட்டுக்காரவிய தரைக்குள்ள எறங்கிட்டிருக்காவ. கணுக்காலு போயிட்டு. சீக்கிரம் வாங்கய்யா."

"ஹலோ," என்றது ஒரு பெண் குரல். கொஞ்சம் வெட்கப்பட்டது.

"யம்மா, வடக்குத் தெருவு. தண்ணித் தொட்டிக்கு எதுத்த வீடு."

"ஹலோ," என்றது மூன்றாவது குரல். அது கறிக்கடை ஹமீது அண்ணனுடைய குரல். அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, நீங்களா? நான் உலகம்மா பேசுதேன்."

"ஹலோ," என்றது ஒரு பச்சைப் பிள்ளை.

நாற்பது ஹலோ கேட்டாள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. எல்லாம் அசல் ஹலோ. ஊர் கொடுத்த ஹலோ. ஹலோவுக்கு அடுத்த வார்த்தை மட்டும் ஒருவரிடமும் இல்லை. அதற்குள் சுடலைமணிக்கு முழங்கால் போய்விட்டது.

"என்ன சொல்லுதாவ?" என்றார்.

"ஹலோங்காவ."

"மரியாதையாத்தான் பேசுதாவ," என்றார் சுடலைமணி.

அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டில் சாமுவேல் சார் இருக்கிறார். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவிலேயே கம்பி போன் வைத்திருப்பது அவர் ஒருவர்தான். அழைப்பு வருகிறதோ இல்லையோ, தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று ரிசீவரைக் காதில் வைத்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு ஹலோ சொல்வார். சொந்த ஹலோ. அதைக் கேட்டுத்தான் தெருவில் பால் காய்ச்சுவார்கள்.

"சார், ஒங்க போன்ல ஒருக்க அடிச்சுப் பாருங்க சார்."

"முடியாதே உலகம்மா. நான் பிடித்தம் கட்டல. அதனால எனக்கு ஆபத்து கிடையாது."

"கிடையாதுன்னா?"

"வரக்கூடாது. போன வருஷம் என் வீட்டு மச்சு எரிஞ்சுதில்ல? அது அடுப்புன்னு எழுதிக் குடுத்தேன்."

"அப்பம் ஒரு உதவி செய்யுங்க. நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்திருதேன். அவியளுக்குக் காப்பி மட்டும் குடுத்திருங்க. குனிய முடியல அவியளால."

"இனி குனிய வேண்டாமே," என்றார் சாமுவேல் சார். நல்ல மனுஷர். சொல்லத்தான் தெரியாது.

அவசர அழைப்பு நிலையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் ஒரு பலகை. "அவசரமாக வருகிறவர்களுக்கு நடைவழி நீளும்." உலகம்மாள் அதைப் படித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். நடைவழி நீண்டது. ஓடினாள். இன்னும் நீண்டது. கடைசியில் இருந்த அறை கடுகளவு ஆகிவிட்டது.

அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பொருட்காட்சி பார்க்க வந்தவள் மாதிரி இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு கொட்டாவிகூட விட்டாள். வீட்டில் தொடை வரைக்கும் போயிருக்கும் என்று உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை முகத்துக்கு வரவிடவில்லை. நாலே எட்டில் அறை வந்தது.

வழி முழுக்க இரண்டு பக்கமும் அலமாரிகள். அலமாரிகளில் ஹலோக்கள். இருபத்தைந்து இருபத்தைந்தாக நூலால் கட்டி, தலைமாடு கால்மாடு பார்த்து அடுக்கியிருந்தார்கள். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பீடிக் கட்டு. அதே கட்டு, அதே முடிச்சு.

அறையில் திரவியம் என்கிற அலுவலர் இருந்தார். மேசைமேல் ஒரு போன் ஹலோ ஹலோ என்று தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

"ஐயா, எங்க வீட்டுக்காரவிய தரைக்குள்ள போய்க்கிட்டிருக்காவ. ஒரு வண்டி அனுப்புங்க."

அவர் ஒரு தாளைப் பார்த்தார். "உங்க பேர்ல ஆபத்து இல்லியே."

"என்னது?"

"காலையில ஒத்த மணி வந்திருக்கு. நல்லபடியா வந்து சேந்துட்டீங்க."

"அது கைப்பழக்கம்யா. வெரலு தன்னால கட் பண்ணிட்டு."

"எங்க வந்து சேந்தீங்க?"

"எங்கயும் வரல. வீட்டுலதான் இருந்தேன்."

"அப்ப வீட்டுக்குத்தான் வந்து சேந்திருக்கீங்க. சரியாத்தான் இருக்கு."

"பெறவு முழுசா அடிச்சேன் சார். ஹலோ ஹலோன்னு மட்டுந்தான் சொன்னாவ."

"ஆமா. நீங்கள்லாம் குடுத்தது அதுதானே?"

"என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலியே?"

"'என்ன ஆச்சு'வுக்கு இன்னும் பிடித்தம் போடல. கேட்டு எழுதியிருக்கோம். மேல இருக்கு."

அவர் மேலே காட்டினார். மின்விசிறி இறக்கையில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"நீங்க கேக்க வேண்டாம் சார். நானே சொல்லுதேன். எறங்கிட்டிருக்காவ."

"கேக்காத கேள்விக்கு வந்த பதிலை எந்தக் கட்டத்துல எழுத?"

"வண்டி இருக்கா இல்லியா?"

"இருக்கே."

ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வண்டி நின்றது. துடைத்து வைத்த வெள்ளை. டிரைவர் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்தார்.

"பதினோரு வருஷமா புறப்பட்டுக்கிட்டே இருக்காரு," என்றார் திரவியம். "எங்க போகணும்னு கேக்கணும். அதுக்கும் பிடித்தம் கிடையாது. பொறுப்பான ஆளு. ஒரு நாள் லீவு போட்டதில்ல."

பிறகு அவர் இன்னொரு தாளை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுபோக, நீங்க குடுத்த ஹலோவுல பாதிக்குமேல கழிவும்மா. தரமில்ல. ஒண்ணு வாயில வெத்தலையோட சொன்னது. ஒண்ணு சந்தேகத்தோட சொன்னது. முக்காவாசி கையில வேலைய வச்சுக்கிட்டுச் சொன்னது. இது ஒண்ணு அழுதுக்கிட்டே சொன்னது."

உலகம்மாளுக்கு உச்சியிலிருந்து சூடு இறங்கியது. இந்தப் பேச்சை அவள் முப்பது வருஷமாகக் கேட்டிருக்கிறாள். பீடிக் கடையில் செக்கர் ஒருவன் உட்கார்ந்திருப்பான். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு கைப்பிடி அள்ளுவான். இது தலை வளைந்திருக்கிறது, இது இலை ஓட்டை என்று கழிப்பான். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. பீடியும் திரும்பி வராது. சாயங்காலம் அதே பீடியைக் கட்டி அவன் விற்பான். நம் ஊரில் இது தெரியாத வீடு உண்டா?

"அழுதது எது?" என்று கேட்டாள்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னால. திருப்பூர்லருந்து வந்த கால்."

அவளுக்கு நினைவிருந்தது. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய அழைப்பு. பிள்ளை பிறந்து, பிள்ளைக்கு மூச்சு வந்து, அதன் அழுகைச் சத்தம்தான் முதலில் கேட்டது. அவள் இந்தப் பக்கம் அழுதுகொண்டே வாயைத் திறந்தாள். வாயில் ஹலோ இல்லை. எடுத்துவிட்டிருந்தார்கள்.

"கழிச்சதத் திருப்பிக் குடுங்க."

"திருப்பிக் குடுக்கற வழக்கம் இல்ல."

"அத என்ன செய்வீய?"

"போன்ல சொல்லுவோம்."

"தரமில்லன்னீயளே."

"ஆபத்துல இருக்கிறவங்க தரம் பாக்க மாட்டாங்க."

ஐயா என்று தொடங்கியவள், சார் என்று இறங்கியவள், இப்போது கடைசிப் படிக்கு வந்தாள்.

"வே!" என்றாள். "பதினோரு வருஷம் வே. அம்மை செத்த அன்னைக்கு வந்த போன்லயும் எடுத்தீரு. பேரன் பெறந்த அன்னைக்கும் எடுத்தீரு. எம்மவ, யாத்தான்னு கூப்பிட்டா, நான் எடுத்ததும் மொட்டையா 'என்னட்டி'ங்கேன். கோவமா இருக்கியாம்மான்னு கேப்பா. கோவம் இல்லட்டி, பிடிச்சுட்டாவன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. எதுக்குக் குடுத்தோம்? ஒரு நாளு ஒரு ஆபத்துன்னா வருவியன்னு குடுத்தோம். வந்து நிக்க வண்டி இருக்கு, ஆளு இருக்கு, என்ன ஆச்சுன்னு கேக்க நாக்கு இல்லியா ஒமக்கு? ஒம்ம நாக்க யாரு வே கழிச்சா?"

திரவியம் நாக்கை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டார். இருந்தது. கவலையோடு உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஆபத்துல இருக்கிறவர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா பரிசீலிக்கலாம்," என்றார்.

"தரைக்குள்ள இருக்காவ!"

"கைநாட்டும் வைக்கலாம்."

அவள் அலமாரிக்குப் போனாள். கழிவு என்று எழுதிய தட்டில் தன் பெயர் போட்ட சாக்குகளைப் பார்த்தாள். தூக்க முடிகிற அளவு இல்லை. மேலாக இருந்த ஒரு ஹலோக் கட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். பின்னால் திரவியம், "ரசீது! ரசீது!" என்று கத்தினார். கோபமாகப் போகிறவர்களைப் பற்றிப் பலகையில் ஒன்றும் போடவில்லை. இரண்டே எட்டில் வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சாமுவேல் சார் அடுக்களை வாசலில் காலி டம்ளரோடு நின்றார்.

"இப்பத்தான் உலகம்மா. நெத்தி இப்பத்தான் போச்சு. நெஞ்சு வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாரு. கழுத்து வந்ததும் காப்பிய வாங்கி முழுசாக் குடிச்சாரு. சீனி கம்மின்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. வாய் போயிட்டு."

தரை வழுவழுவென்று இருந்தது. நேற்று மெழுகின மாதிரி. அவர் நின்ற இடத்தில் டம்ளர் வைத்த வளையம் மட்டும் ஈரமாக இருந்தது. உலகம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்த கட்டை எடுத்து இறுக்கிப் பிடித்தாள். பீடி சுற்றுகிற கை. அவள் பிடித்த பிடியில் நூல் அறுந்துவிட்டது.

இருபத்தைந்து ஹலோவும் வெளியே வந்தன. எல்லாம் அவள் குரல். வெற்றிலை போட்ட ஹலோ, சந்தேக ஹலோ, சோற்றுக் கையோடு சொன்ன ஹலோ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுக்குள் போனது. அழுத ஹலோ தெரு முழுக்கப் போனது.

பதினோரு வருஷமாக அந்தத் தெருவில், சாமுவேல் சாருடையதைத் தவிர, முழு ஹலோவை யாரும் கேட்டதில்லை. கதவுகள் திறந்தன. "யாரு?" "சொல்லுங்க." "என்னயா கூப்பிட்டீய?" ஹமீது அண்ணன் கறிக்கத்தியோடு வந்தார். தண்ணீர்த் தொட்டிப் பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள். அடுக்களை நிறைந்தது. எல்லாரும் சுற்றி நின்று தரையைப் பார்த்தார்கள்.

அப்போது உலகம்மாளின் போன் அடித்தது. திரையில் "அவிய" என்று வந்தது. அவர் பெயரை அவள் அப்படித்தான் போட்டு வைத்திருந்தாள்.

ஒரு மணி.

எல்லாரும் கேட்டார்கள். எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமுவேல் சார் கண்ணாடியைக் கழற்றினார். ஹமீது அண்ணன் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

உலகம்மாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் இமைக்கவில்லை.

இரண்டாவது மணி அடித்தது.

பிறகு நின்றது.

உடனே ஒரு செய்தி வந்தது. "உங்கள் கணவர் நல்லபடியாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. அவசர அழைப்பு நிலையம்." அவர்களிடம் முதல் மணியை எண்ணத்தான் ஏற்பாடு இருந்தது.

"வந்து சேந்துட்டாவளாம்!" என்றாள் உலகம்மாள். எழுந்து முந்தானையை வரிந்து கட்டினாள். "ரெண்டு மணி. என்னயக் கூப்பிடுட்டிங்காவ. சார், கடப்பாரை இருக்கா?"

சாமுவேல் சாரிடம் இருந்தது. அதற்கும் பிடித்தம் கிடையாது.

முதல் அடியில் தீப்பொறி பறந்தது. இரண்டாவது அடியில் சிமெண்டு அம்மிக்கல் மாதிரி முனகியது. நாலாவது அடியில் ஒரு விரிசல் விட்டது, ஒரு பீடி நுழைகிற அளவுக்கு. வெளியே தெருமுனையில் அந்த வெள்ளை வண்டி, ஒருவழியாகப் புறப்பட்டு, ஹலோ ஹலோ என்று ஊளையிட்டுக்கொண்டு போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது யாரையும் ஒன்றும் கேட்காமல் போய்விட்டது.

உலகம்மாள் போனைத் தூக்கி அரிசிப் பானைக்குள் போட்டாள். குப்புறப் படுத்து விரிசலில் வாயை வைத்தாள்.

"ஹலோ," என்றாள்.

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. முழுசாக உள்ளே போனது.

அடியிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள் உலகம்மாள். அடுக்களையில் நின்றவர்கள் எல்லாரும் குனிந்து, ஒரே குரலில், "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"அத ஏன்ட்டி கேக்க," என்று தொடங்கினார் சுடலைமணி.

அவர் சொல்லச் சொல்ல அவள் இடித்தாள்.